சர்க்கார் ஒத்துக்குமா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் மாலைப் பாசஞ்சரில் ஏறிவிட்டால் எல்லோரும் 'சார்'தான். அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளையும் சார், வக்கீல் குமாஸ்தாவும் சார், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பனைச் சங்கத்தில் மூட்டைகளை எடை போடும் குமாஸ்தா சவுரிராயனும் சார். பிளாட்பாரத்தில் "டேய் சவுரி" என்று கூப்பிட்டவர்கூட, பெட்டிக்குள் உட்கார்ந்ததும் "சவுரி சார், கொஞ்சம் நவுந்துக்கங்க" என்பார். எல்லோரும் விழுப்புரத்தில் சுப்பராயலு நடத்திய காமர்ஸ் இன்ஸ்டிட்யூட்டுக்கு மாலை வகுப்புக்குப் போகிறவர்கள். படிக்கப் போகிற ஆளை 'டேய்' என்று கூப்பிடக் கூச்சமாக இருந்ததோ என்னவோ.

நான் அப்போது சிதம்பரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வந்திருந்தேன். கிளியனூர் பக்கம் எங்கள் கிராமத்துக்கு நான்தான் முதல் பட்டதாரி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட்டிருந்தார்கள். அச்சுக்கூடத்தில் பட்டத்துக்குப் புள்ளி விட்டுப்போயிற்று. பெரியப்பா உட்கார்ந்து அத்தனை பத்திரிகையிலும் பேனாவால் புள்ளி வைத்தார். ஆனால் போகிற இடமெல்லாம் "டைப்பு தெரியுமா?" என்றுதான் கேட்டார்கள். அதனால் நானும் அந்த ரயிலில் ஏறினேன்.

சவுரிராயன் எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்காருவார். முப்பத்து மூன்று வயது. திண்டிவனத்துக்குத் தெற்கே மாதா கோயில் தெரு. அந்தத் தெருவில் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, சங்கத்தில் மூட்டை தூக்கப் போனவர், தராசுக்குப் பக்கத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தார். அதற்கு மேலே ஒரு படிதான் பாக்கி. சூப்பர்வைசர் வேலை. இருந்த சூப்பர்வைசர் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த வேலைக்கு வருகிறவர் சர்க்கார் ஒத்துக்கொண்ட வாணிபப் படிப்பு படித்திருக்க வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது என்பது சங்கத்து விதி. ஆக, சவுரிராயனுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் எதைப் படிப்பது என்பதுதான் கேள்வி.

கேள்வி முளைத்தது சுப்பராயலுவால். ஒரு நாள் வகுப்பில் அவர் கரும்பலகையை அழித்துவிட்டு, கையில் சாக்குக்கட்டித் தூளோடு, "ஒரு நல்ல சமாச்சாரம்" என்று ஆரம்பித்தார். வடக்கே ஒரு நகரத்தில் பெரிய வாணிப வித்யாலயம் ஒன்று இருக்கிறதாம். தபாலில் பாடம் வருமாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமாம். இரண்டு வருஷம் முடிந்ததும் பி.காம். பட்டம். அதுவரை எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் சர்க்கார் நடத்தும் டெக்னிக்கல் பரீட்சைக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் லோயர், அப்புறம் ஹையர். எல்லாவற்றையும் தாண்டினால் ஒரு டிப்ளமா. காலேஜ் வாசலை மிதிக்காதவர்களுக்குத் திடீரென்று பி.காம். என்றதும் வகுப்பே எழுந்து நின்றது.

பச்சைமுத்து என்றொருவன் முதல் பெஞ்சில் இருந்தான். சங்கத்துப் பிரசிடெண்டு துரைக்கண்ணுவுக்குக் கூடப்பிறந்த அக்காள் மகன். நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். அவன்தான் முதலில் கை தூக்கினான். அடுத்தடுத்து எல்லாக் கையும் உயர்ந்தது. சவுரிராயனும் கை தூக்கினார். ஆனால் பெயர் கொடுக்க அல்ல.

"சார், இந்தப் பட்டத்த சர்க்கார் ஒத்துக்குமா?"

"படிப்பு நல்ல படிப்பு சவுரி."

"படிப்பு சரிங்க சார். ஒத்துக்குமா?"

"பட்டம்னு குடுக்கறாங்களே, ஒத்துக்காமலா குடுப்பாங்க?"

"அத்தத்தான் சார் கேக்கறேன்."

வகுப்பு சிரித்தது. அன்றைக்கு ரயிலில் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: 'ஒத்துக்குமா சவுரி'. டீ வாங்கினால் "ஒத்துக்குமா?" பீடி கொடுத்தால் "ஒத்துக்குமா?" வக்கீல் குமாஸ்தா ஒருபடி மேலே போய், "சவுரி சார், உம்ம சம்சாரத்தைச் சர்க்கார் ஒத்துக்கிச்சா?" என்று கேட்டார்.

"கோயில்ல பேர் பதிஞ்சிருக்குதுங்க சார். சாமியாரு கையெழுத்து இருக்குது" என்றார் சவுரிராயன், சிரிக்காமல்.

எனக்கு அந்த மனிதர் மேல் ஆர்வம் வந்தது அப்போதுதான். ஒரு ஆள் எதைப் படிக்கிறோம் என்பதைவிட அதை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்பதை ஏன் இவ்வளவு கவலையோடு கேட்கிறார்? சுப்பராயலு சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. தபாலில் வந்த முதல் பாடத்தைப் பச்சைமுத்து எனக்குக் காட்டினான். கம்பெனிக் கணக்கு, வியாபாரச் சட்டம், பாங்கிக் கடிதம் எல்லாம் அத்தனை தெளிவாக இருந்தது. காலேஜில் படித்த எனக்கே புதிதாகத் தெரிந்தது. சர்க்கார் பரீட்சைப் பாடம் அதன் முன்னால் வறண்ட கட்டை. பாடம் மோசமாக இருந்திருந்தால் முடிவெடுப்பது சுலபம்.

ஒரு நாள் மயிலம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அவர் என்னிடம் திரும்பினார்.

"சார், உங்க பி.ஏ.வ ஒத்துக்காத எடம் எதனா இருக்குதுங்களா?"

"பி.ஏ.வை யார் ஒத்துக்கமாட்டாங்க? யூனிவர்சிடி பட்டம்."

"அப்ப, யூனிவர்சிடின்னா ஒத்துக்குவாங்க. இத்த குடுக்கறது யூனிவர்சிடி இல்ல, வித்யாலயம். யூனிவர்சிடி மட்டும்தான் பட்டம் தரலாம்னு சட்டம் ஒண்ணு வந்துட்டுதுன்னு ஒருத்தரு சொல்றாரு. அதெல்லாம் நமக்கு முன்னாடி ஆரம்பிச்சவங்களுக்குக் கெடையாதுன்னு இன்னொருத்தரு சொல்றாரு. மெட்ராஸுக்கு ரிப்ளை கார்டு போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு வந்துது. நான் சாவறதுக்குள்ள பரிசீலிப்பாங்களான்னு தெரியல."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

"அந்தப் பட்டத்த வெச்சிக்கினு வேலைக்குப் போன ஆளு ஒருத்தன கண்ணால பாக்கணும் சார். அவ்ளோதான்."

விதை வாங்கப் போகிறவர் போன வருஷம் அதை விதைத்தவன் நிலத்தைப் போய்ப் பார்ப்பதுபோல், பட்டம் வாங்கியவன் ஒருவனைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் கிளம்பினார். வாரக்கணக்கில் விசாரித்தார். கடைசியில் பச்சைமுத்துதான் துப்புக் கொடுத்தான். அவனுக்கும் பெருமை. "விக்கிரவாண்டில ஒருத்தர் இதே பட்டம் வாங்கியிருக்காரு சவுரி. வாசல்ல போர்டே போட்டிருக்காரு. போய்ப் பாத்துட்டு வந்து அப்பறம் பேசு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவுரிராயன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். வேலை ஒன்றுமில்லை, என்னதான் ஆகிறது பார்ப்போமே என்ற எண்ணம்தான்.

விக்கிரவாண்டியில் பெரிய ரோட்டோரம், லாரிகள் நிற்கும் இடத்தில் போர்டு தெரிந்தது. பச்சை வர்ணத்தில் 'கே. சீனுவாசன், பி.காம்.' கீழே சிவப்பில் 'காபி கிளப்'. சவுரிராயன் போர்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "கடைதானே வெச்சிருக்காரு" என்றார் மெல்ல.

கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் முப்பது வயதுக்காரர், நெற்றியில் நாமம், காதில் பென்சில். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எங்களைப் பெஞ்சில் உட்காரவைத்து வடையும் காபியும் கொண்டுவரச் சொன்னார். சவுரிராயன் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பி.காம். பத்திக் கேக்கணும்னு இம்மாந்தூரம் வந்தீங்களா? கேளுங்க, கேளுங்க. எத்த கேட்டாலும் சொல்றேன்."

"இத்த வெச்சிக்கினு வேலைக்கு எழுதிப் போட்டீங்களாங்க?"

"போடாமலா? ரயில்வேக்குப் போட்டேன். பாங்கிக்குப் போட்டேன். கலெக்டர் ஆபீசுக்குப் போட்டேன். எல்லா எடத்துலேர்ந்தும் மரியாதையா பதில் வந்துது. எலிஜிபிள் இல்லன்னு."

"எலிஜிபிள் இல்லன்னா?"

"ஒத்துக்கமாட்டேன்றான்."

சவுரிராயன் வடையைக் கீழே வைத்தார். உள்ளே அடுப்பங்கரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "கல்யாணத்துக்கு எலிஜிபிள் ஆனாரு. அத்தயும் சொல்லச் சொல்லுங்க. பி.காம். மாப்பிளைன்னுதான் எங்கப்பன் வளவனூருலேர்ந்து வண்டி கட்டிக்கினு வந்தாரு."

"என் சம்சாரம் காந்திமதி" என்றார் சீனுவாசன். "அவ சொல்றதும் நெசந்தான். பத்திரிகைல பி.காம்.னு போட்டப்ப எங்க ஜனத்துல ஒருத்தன் வாய தொறக்கல."

"அப்பறந்தான் நான் தொறந்தேன்" என்றது உள்ளேயிருந்து.

லாரி டிரைவர் ஒருவர் வந்து காசு கொடுத்துவிட்டு, "பி.காம். அண்ணே, வர்றேன்" என்று போனார். சீனுவாசன் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தீங்களா? மெட்ராஸ்லேர்ந்து திருச்சி வரைக்கும் இந்த ரோட்டுல 'பி.காம். கடை'ன்னா தெரியும். ஒருத்தன் பில்லப் பாத்து 'கணக்கு சரியா?'ன்னு கேக்கமாட்டான். கேக்க பயம்."

"உங்களுக்கு வருத்தம் இல்லீங்களா?"

"மொதல்ல இருந்துது. எனக்கு இன்னா கொறை? அப்பன் நெலம் இருக்குது. ஏர் ரெண்டு இருக்குது. கடை ஓடுது. பாடம் நல்ல பாடங்க, பொய் சொல்லக்கூடாது, இந்தக் கடையே அந்தப் படிப்புலதான் ஓடுது. சேருங்க நீங்களும். உங்க பேருக்குப் பின்னாலயும் நல்லாத்தான் இருக்கும்."

திரும்பும் ரயிலில் சவுரிராயன் முண்டியம்பாக்கத்தில் நிறையக் கொக்குகள் உட்கார்ந்திருந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தார், அதாவது நாங்கள் தப்பான வண்டியில் ஏறி விழுப்புரம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் பேசினார்.

"நல்ல மனுசன் சார். ஒண்ணும் ஒளிக்கல. ஆனா அவுருக்குப் பட்டம் தோள்மேல போட்டுக்கற துண்டு. நெலம்னு ஒரு வேட்டி, கடைன்னு ஒரு சட்டை, அதுக்கு மேல துண்டு. துண்டு இல்லன்னாலும் அவரு வெளிய போவலாம். எனக்கு அப்படி இல்ல சார். நான் வாங்கறது துண்டா இருக்கக்கூடாது."

அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "பி.காம்.னு போட்டா பொன்னி சந்தோசப்படுவா. அதான் பேஜாரு."

பொன்னி அவர் மனைவி. சீசனில் சங்கத்துக் கொட்டகையில் மல்லாட்டை உடைக்கும் வேலை. அங்கே ஐம்பது வாய் பேசும். எல்லோர் வீட்டிலும் பி.காம். படிக்கிறார்கள், சவுரி மட்டும் லோயர் படிக்கிறான் என்ற செய்தி பொன்னிக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு நாள் தராசுக்குப் பக்கத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஏன்யா, ஊரே மேல ஏறுது. நீ மட்டும் இன்னா லோயரு?"

"லோயர் முடிஞ்சா ஹையர் இருக்குது."

"அதுக்கும் மேல?"

"டிப்ளமா."

"அத்த பேருக்குப் பின்னால போடுவாங்களா?"

"போடமாட்டாங்க."

"போடாத படிப்புக்குத்தான் தெனம் ரயிலேறி ஓடறியா?" என்றாள். உடைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் ரயிலில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மயிலம் வரைக்கும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வருஷத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். டைப்பில் அவர் விரல்கள் முதலில் மூட்டை தூக்கும் விரல்களாகத்தான் இருந்தன. மிஷினில் எழுத்து அழுந்திக் காகிதம் ஓட்டையாகும். சுருக்கெழுத்தில் ஒரு தடவை தவறிப்போய் மறுபடி எழுதினார். கணக்கு லோயர், கணக்கு ஹையர், வாணிபக் கடிதம், பாங்கி என்று ஒவ்வொன்றாகத் தாண்டினார். மற்றவர்களுக்குப் பட்டம் வந்தது. கெட்டிக் காகிதம், ஓரத்தில் தங்க வர்ணக் கொடி, நடுவில் அரக்கு முத்திரை. பச்சைமுத்து அதைக் கண்ணாடி போட்டு மாட்டினான். சவுரிராயனுக்கு வந்த டிப்ளமா பழுப்புக் காகிதம். கண்ணாடிக் கடைக்காரர், "இதுக்கா சட்டம் போடறே?" என்று கேட்டாராம்.

அந்த மார்கழியில் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். தை மாதத்தோடு சவுரிராயனுக்கு வயது முப்பத்தைந்து முடிகிறது. இரண்டு பேர் மனுப் போட்டிருந்தார்கள். பச்சைமுத்து, சவுரிராயன். முடிவு பிரசிடெண்டு துரைக்கண்ணு கையில்.

துரைக்கண்ணுவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொந்த நிலத்தில் தானே ஏர் பிடிக்கிறவர். சங்கத்தைக் கட்டி எழுப்பினவர். நிறையப் படித்தவர் இல்லை. அவருக்கு பி.காம். என்பது பெரிது, டிப்ளமா என்பது சிறிது. அதில் பெரியது சொந்த மருமகனிடம் இருக்கும்போது அவர் வேறு யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

முடிவு தெரிந்த நாள் ஏல நாள். எனக்கு அப்போது சங்கத்திலேயே தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது, அதனால் நேரில் பார்த்தேன். முற்பகல். தகரக் கொட்டகைக்கு வெளியே ரோடு வரைக்கும் வண்டிகள். அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. மல்லாட்டை கொண்டுவருகிறவர்கள் தராசுக்கு முன்னால் நின்று, "என் மூட்டையில் ஈரம் இல்லை" என்று வாய்விட்டு மூன்று தரம் சொல்ல வேண்டும். ஒருதரம், இரண்டு தரம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் குற்றமில்லை. மூட்டையைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டு மறுவாரம் வரலாம். மூன்றாம் தரமும் சொல்லி, அப்புறம் ஈரம் இருந்தால் அந்த சீசன் முழுக்கக் களத்துக்குள் வரக்கூடாது. யார் வீட்டு மூட்டையானாலும் அதுதான். பிரசிடெண்டே தன் மூட்டைக்கு மூன்று தரம் சொல்லித்தான் போடுவார். வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவர்தான்.

அன்றைக்குத் தராசுக்கு முன்னால் நின்றது கெங்கம்மாள். ரோஷணைப் பக்கத்து விவசாயக் குடும்பம். புருஷன் போனபின் தானே பயிர் வைக்கிறவள். அவள் வாய்க்குக் களமே பயப்படும். அவளையும் மூன்று தரம் சொல்ல வைத்தார்கள். சொல்லிவிட்டு, "என் வயசுக்கு நான் பொய் சொல்லுவனா?" என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். சவுரிராயன் அவள் மூட்டையைத் தராசில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது பிரசிடெண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, "எல்லாரும் கேட்டுக்கங்க. வர்ற மாசத்துலேர்ந்து நம்ம பச்சைமுத்து சூப்பர்வைசரு. பி.காம். படிச்சவன்" என்றார்.

சவுரிராயன் தராசுச் சங்கிலியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அப்படியே நின்று கேட்டார். ரயிலில் கேட்ட அதே குரல்.

"ஐயா, அந்தப் பட்டத்த சர்க்கார் ஒத்துக்கினதுங்களா?"

"ஒத்துக்காமலா குடுப்பான்?"

"விதில அப்படித்தானுங்கய்யா இருக்குது. சர்க்கார் ஒத்துக்கின படிப்புன்னு. அதான் கேட்டேன்."

"இன்னாடா, என்னயே கேள்வி கேக்கறியா? ஒத்துக்கினதுதான். நான் சொல்றேன் இல்ல?"

அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். கெங்கம்மாள் விடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீ சொன்னா ஆச்சா? நான் சொன்னப்ப ஒருவாட்டில வுட்டியா? என் மல்லாட்டைக்கு மூணு தரம் சொல்ல வெச்சியே, உன் மருமவன் பட்டத்துக்கு நீயும் மூணு தரம் சொல்லு. ஈரம் இருக்குதா இல்லயான்னு தெரிஞ்சிப்போவுது."

களம் சிரித்தது. வண்டிமேல் உட்கார்ந்திருந்தவர்கள் கீழே குதித்தார்கள். "சொல்லுங்க பிரசிடெண்டு!" என்று ஒரு குரல். "சும்மா சொல்லுங்க, ஜல்தி, வெயிலு ஏறுது!" என்று இன்னொன்று. பிரசிடெண்டும் சிரித்தார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"சொல்றேன். இதுக்கு இன்னா? பச்சைமுத்து வாங்கினது சர்க்கார் ஒத்துக்கின பட்டம். ஒருதரம்."

"ஆச்சு ஒண்ணு" என்றாள் கெங்கம்மாள்.

"சர்க்கார் ஒத்துக்கின பட்டம். ரெண்டு தரம்."

அதோடு நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். எத்தனையோ பேரை இந்த இடத்தில் நிறுத்தி வைத்தவர் அவர். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கொட்டகை ஓரம் நின்றிருந்த மருமகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, மூணாந்தரம் சொல்லலாமா?"

பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவனும் அந்தக் களத்தில் வளர்ந்தவன்தான்.

"வாணாம் மாமா."

"இன்னா வாணாம்?"

"படிச்சது நெசம். ராப்பகலா படிச்சேன். ஒத்துக்குவாங்களான்னு நான் கேக்கவே இல்ல மாமா. சவுரிதான் கேட்டுக்கினு இருந்தாரு. நாங்க சிரிச்சிக்கினு இருந்தோம்."

அவன் 'சவுரிதான் கேட்டுக்கினு இருந்தாரு' என்று மரியாதையோடு சொன்னதைக் களத்தில் எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. ரயில் பெட்டிக்குள் மட்டும் இருந்த மரியாதை அது.

பிரசிடெண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். கோபம் அவருக்கு எங்கே போவது என்று தெரியாமல் சவுரிராயன்மேல் வந்து நின்றது.

"சரிடா. உன்னுது? உன்னுதுக்கு யாரு சொல்றது?"

மூட்டைக்கு உரியவர்தான் மூன்று தரம் சொல்வது வழக்கம். மாதா கோயில் தெருக்காரர்கள் அந்தக் களத்தில் மூட்டை தூக்குவார்கள், எடை போடுவார்கள், உடைப்பார்கள், கூட்டிப் பெருக்குவார்கள். அவர்களுக்கென்று மூட்டை எதுவும் வந்ததில்லை. அதனால் அந்தத் தெருவில் ஒருவரும் தராசுக்கு அந்தப் பக்கம் நின்று அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எனக்கு அப்போதுதான் அது தோன்றியது. இத்தனை வருஷம் ஏல நாளுக்கு எங்கள் வீட்டு மல்லாட்டை வண்டியோடு வந்திருக்கிறேன், கவனித்ததே இல்லை.

சவுரிராயன் சங்கிலியை விட்டார். தராசைச் சுற்றிக்கொண்டு போய் கெங்கம்மாள் நின்ற பக்கத்தில் நின்றார். அவள் ஓரடி தள்ளி இடம் விட்டாள்.

"என் சரக்குக்கு நான்தானுங்கய்யா சொல்லணும்" என்றார். "நான் வாங்கியிருக்கிறது டிப்ளமா. பட்டம் இல்ல. பேருக்குப் பின்னால போடமுடியாது. சர்க்கார் பரீட்சை வெச்சி, சர்க்கார் தேறிட்டான்னு சொல்லி, சர்க்கார் குடுத்தது. ஒருதரம்."

உடைக்கும் கொட்டகையில் பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பொன்னி எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்து மல்லாட்டைத் தோல் கொட்டுவதுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

"சர்க்கார் குடுத்தது. ரெண்டு தரம்."

பிரசிடெண்டு நிமிர்ந்து அவரையே பார்த்தார். அவர் நிறுத்திய இடம் அது. சவுரிராயன் நிறுத்தவில்லை.

"சர்க்கார் குடுத்தது. மூணு தரம்."

யாரும் கை தட்டவில்லை. அந்தக் களத்தில் மூன்றாம் தரத்துக்குக் கைதட்டும் வழக்கமில்லை. பிரசிடெண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற சங்கத்து டைரக்டர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"தப்பா இருந்தா களத்துக்குள்ள வரக்கூடாது, தெரியுமில்ல?"

"தெரியுங்கய்யா. இங்க அத்த எல்லாருக்கும் சொல்றவனே நான்தானுங்களே."

பிரசிடெண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப இன்னா, சூப்பர்வைசர் வேலைக்கு ஆளு ஆச்சு. எழுதிக்கங்கப்பா" என்று என் பக்கம் கையைக் காட்டினார். பச்சைமுத்து கொட்டகையை விட்டு வெளியே போனவன், வண்டிகளுக்கு நடுவே நின்று, திரும்பி வந்து சவுரிராயன் பக்கத்தில் நின்றான். "அந்த லோயர்ல எந்தப் பாடத்த மொதல்ல எழுதறது?" என்று கேட்டான். "கணக்குதான். உனக்கு அது சுளுவு, நீ ஏற்கெனவே படிச்சதுதான்" என்றார் அவர்.

கெங்கம்மாளுக்குப் பொறுமை போயிற்று.

"சூப்பர்வைசரே, உன் பேச்சு அப்பறம் ஆவட்டும். அடுத்த மாசம்தான் உனக்கு நாற்காலி. இப்ப வந்து என் மூட்டைய எடை போடு. மாடு தண்ணி இல்லாம நிக்குது."

சவுரிராயன் தராசைச் சுற்றிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் வந்து சங்கிலியைப் பிடித்தார்.